பெயர் பொறிக்காத பதக்கம்

ராயப்பேட்டை அன்வர் பாயின் குடும்பத்துக்குத் துரோகிப் பட்டம் கட்டியவர் எங்கள் நிறுவனத்தின் தலைவர். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தார். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை என்று நான் குறிப்பில் எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டுச் செய்தார்.

இதை நம் தொழில்காரர்கள் சேர்ந்து போடும் இந்த மலரில் எழுதினால் பலருக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்றவர்கள் புதிதாக வந்தவர்களுக்கு நாலு நல்ல அனுபவம் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். பழைய நாணயம், பதக்கம், வெள்ளிச் சாமான் ஆகியவற்றைப் பார்த்து இது என்ன, எங்கே செய்தது, அசலா போலியா என்று சொல்லும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவள் நான். தி. நகரில் ஒரு ஏல நிறுவனத்தின் பின்கட்டு அறையில் என் மேசை இருந்தது. அந்த மேசைக்கு வந்த சாமான்களைப் பற்றிப் பெருமையாகப் பேச எத்தனையோ உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் அன்வர் பாய்தான் நினைவுக்கு வருகிறார். அதனால் அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு வேண்டியதும் இதில் இருக்கிறது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மதியம் அவர் வந்தார். ஆட்டோக்களுக்கு ரெக்சின் கூரையும் சீட்டும் தைப்பவர். வயது அறுபதுக்கு மேல். கட்டை விரல் முழுக்க ஊசி குத்திய தழும்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சைத் துணி முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"விக்க வரல மேடம். மொதல்லயே சொல்லிட்றேன். இது ஒடஞ்சிடுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்."

"ஏன் உடையப்போகுது?"

"பொண்ணு ஜெர்மனி போவுது. நர்ஸ் வேலைக்கு. கையில கட்டி அனுப்பணும். ஓரத்துல வெடிப்பு மாதிரி கீது, அதான் பயமா இருக்கு."

உருது பேசும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் கிளம்புகிறவரின் புஜத்தில் ஒரு காசைத் துணியில் முடிந்து கட்டுவார்கள். இமாம் ஜாமின் என்று பெயர். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து, அந்தக் காசை ஏழைக்குக் கொடுத்துவிடுவார்கள். அன்வர் பாய் வீட்டில் காசுக்குப் பதிலாக இந்தப் பதக்கத்தைக் கட்டினார்கள். இதை யாருக்கும் கொடுக்க முடியாது. கட்டிக்கொண்டு போனவர் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாக வேண்டும். அதற்கு அவரே திரும்பி வந்தாக வேண்டும். அந்த வீட்டின் நம்பிக்கை அவ்வளவுதான். அவருடைய தம்பி துபாய் போனபோது கட்டியிருக்கிறார்கள், அப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் திரும்பி வந்தார்கள். அதைச் சொல்லும்போது அன்வர் பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

முடிச்சை அவிழ்த்தேன். பார்த்ததும் என்ன என்று தெரிந்துவிட்டது.

ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைக் கும்பெனிப் படை பிடித்து, மைசூர் சுல்தான் சண்டையில் இறந்த பிறகு, அந்த வெற்றியின் நினைவாகக் கும்பெனி அடித்த பதக்கம் அது. பெரிய தளபதிகளுக்குத் தங்கத்தில் கொடுத்தார்கள். அடுத்தவர்களுக்கு வெள்ளி, அதற்கும் கீழே வெண்கலம். வெறும் சிப்பாய்க்கு வெள்ளீயம். ரசம் வைக்கிறோமே ஈயச் சொம்பு, அதே உலோகம். மெத்தென்று இருக்கும். நகம் பட்டால் கீறும், கீழே விழுந்தால் நசுங்கும். தங்கத்தையும் வெள்ளியையும் பூட்டி வைத்துக் காப்பாற்றினார்கள். வெள்ளீயம் ஏழை வீட்டில் புழங்கித் தேய்ந்து போயிற்று. அதனால்தான் அது இன்று அரிது.

ஒரு பக்கத்தில் கோட்டையை உடைத்து ஏறும் படை. மறுபக்கத்தில் ஒரு சிங்கம், ஒரு புலியைக் கீழே தள்ளி மேலே நிற்கிறது. அன்வர் பாய் விரலை வைத்துக் காட்டினார்.

"மேல நிக்குது பாருங்க, அது நம்ம சிங்கம். கீழ கெடக்கறான் பாருங்க, அவன் வெள்ளக்காரன். எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் சுல்தான் படையில இருந்தாரு மேடம். சுல்தான் கையாலயே குடுத்தது."

நிஜம் இதற்கு நேர் எதிர். சிங்கம் இங்கிலாந்தின் சின்னம். புலி சுல்தானின் சின்னம். சிங்காசனம், வாள், பீரங்கி, சிப்பாயின் உடுப்பு என்று எல்லாவற்றிலும் சுல்தான் புலியைப் போட்டுக்கொண்டவர். அந்தப் புலியைத்தான் சிங்கம் கடித்துக் கிடத்தியிருக்கிறது.

ஆனால் அன்வர் பாய் குடும்பம் முட்டாள்தனமாக அப்படிப் படிக்கவில்லை. சிங்கத்துக்கு மேலே ஒரு கொடி பறக்கிறது. அதில் அரபி எழுத்து. இறைவனின் சிங்கமே வெல்லும் என்று பொருள். குர்ஆன் ஓதத் தெரிந்த யாரும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். கொடியில் இறைவனின் சிங்கம் என்று இருக்கிறது, கொடிக்குக் கீழே ஒரு சிங்கம் வென்று நிற்கிறது. அப்படியானால் அது நம் சிங்கம். இதில் என்ன தவறு? இன்னொன்றும் கேளுங்கள். அந்தச் சொற்கள் சுல்தானுடையவை. அவர் தன் ஆயுதங்களில் பொறித்து வைத்திருந்தவை. கோட்டையைப் பிடித்தவர்கள் அவருடைய வாசகத்தையும் பிடுங்கித் தங்கள் சிங்கத்தின் கொடியில் கட்டிக்கொண்டார்கள். உன் கடவுளே எங்கள் பக்கம் வந்துவிட்டார் பார் என்று காட்டும் திமிர் அது. கொடியின் மூலையில் பொடியாக அவர்களுடைய சிலுவைக் கொடியும் இருக்கிறது. அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடியும். ராயப்பேட்டை வீட்டில் யார் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்?

பதக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். அரபி எழுத்து அநேகமாக வழுக்கையாகிவிட்டது. சிங்கத்தின் முகமும் அப்படியே. தலைமுறை தலைமுறையாகக் கட்டை விரலால் தடவித் தேய்ந்த தேய்மானம். கீழே பள்ளத்தில் கிடந்த புலி மட்டும் கூர்மையாக, பல்லோடும் நகத்தோடும் அப்படியே இருந்தது. நான் எத்தனையோ பதக்கம் பார்த்திருக்கிறேன். பெட்டியில் தூங்கியவை, சுவரில் மாட்டியவை, விளிம்பைச் சுரண்டியவை. இப்படி அன்பால் தேய்ந்ததைப் பார்த்ததில்லை.

இப்போது சொல்லுங்கள், உங்களில் யாராவது என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எதிரே ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து மேசையில் வேறு ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். உங்களுக்கு விஷயம் தெரியும். வாய் பரபரக்கும். தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும், பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டேன் என்று காட்ட வேண்டும். இந்தத் தொழிலில் பாதி நாசம் இந்தப் பரபரப்பினால்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருக்குப் புகழ் பிடிக்காது. மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காலமான ஒரு வித்வானின் தங்கப் பதக்கங்களை அவர் மனைவி பேரன் பேத்திகளுக்குப் பிரித்துக் கொடுக்க நினைத்தார். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். மாமி பெரிதாக மதித்த ஒரு பதக்கம், ஏதோ ஒரு சபை கொடுத்தது, தங்கமே இல்லை. செம்பின்மேல் முலாம். சீனியர் அதைக் கையில் எடுத்த மாத்திரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி குடித்தார். பேரன் மிருதங்கம் வாசித்ததைக் கேட்டார். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு மாமியிடம் மட்டும் சொன்னார். மாமி முகம் கறுத்துவிட்டது.

"அப்போ இவரை ஏமாத்திட்டாளா?"

"இவரை இல்லை மாமி. இந்த உலோகம் குடுத்தவாளோட தரத்தைச் சொல்றது. வாங்கிண்டவரோட தரத்தைச் சொல்லலை. ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் நான் ஏதோ கேட்கப் போனேன். "பசிக்கறது, வா," என்று முன்னால் போய்விட்டார். பாடமெல்லாம் நடத்துகிற ஆள் இல்லை அவர்.

அதனால் அன்வர் பாய் கேட்ட கேள்விக்கு மட்டும் அன்று பதில் சொன்னேன். "கட்டலாம் பாய். மேல இருக்கற ஓட்டையில கயிறு கோக்காதீங்க, அங்கதான் விட்டுப்போகும். பஞ்சு வெச்சு, துணிக்குள்ள சுத்திக் கட்டுங்க. இதோட கதைய நான் இன்னும் கொஞ்சம் பாக்கணும். இன்னொரு நாள் தனியா வாங்க, பேசலாம்."

"ரைட் மேடம். பொண்ணையும் கூட்டியாறேன்."

அவர் முடிச்சைக் கட்டும்போதே கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் தலைவர் உள்ளே வந்துவிட்டார். பதக்கம் என்ன பதக்கம் என்று அவருக்கும் தெரியும். அந்தக் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அடையாறில் ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் இருக்கும் வரலாறு, அது இது என்று பெரிய பேச்சு. "பாய், ஒரு நாள் மட்டும் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டுத் திருப்பித் தந்துடறோம். உங்களுக்கு மேடையில மரியாதை பண்றோம்," என்றார். அன்வர் பாய்க்கு நம்பவே முடியவில்லை. "நாலு பேர் பாக்கட்டும் சார். எங்க வூட்லயே வெச்சுக்கினு இன்னா பண்றது," என்றார்.

கண்காட்சிக்காக நான் தலைவரிடம் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, இது கும்பெனியின் வெற்றிப் பதக்கம், சிங்கம் அவர்களுடையது, புலி சுல்தானுடையது. இரண்டாவது, பதக்கத்தில் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை, எனவே இதைப் பெற்றவர் யார், இந்தக் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வழியில்லை.

புதியவர்கள் இந்த இரண்டாவதைத் திரும்பப் படியுங்கள். பிற்காலப் போர்ப் பதக்கங்களில் விளிம்பில் சிப்பாயின் பெயரும் படைப்பிரிவும் இருக்கும். இதில் இருக்காது. வெறும் விளிம்பு. இந்த வகைப் பதக்கம் ஊரெல்லாம் கைமாறியிருக்கிறது. பழைய சாமான் கடைக்குப் போயிருக்கிறது, சீராக வந்திருக்கிறது, அடகில் மூழ்கியிருக்கிறது. அரபி எழுத்து இருக்கிறதே என்று பக்தியோடு யாரோ சந்தையில் வாங்கியிருக்கலாம். சுல்தான் கையால் கொடுத்தார் என்பது நிச்சயம் தவறு. அது அடிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் அந்த முப்பாட்டன் எந்தப் படையில் இருந்தார், படையில் இருந்தாரா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது, எங்கள் தலைவருக்கும் தெரியாது.

"இதைக் குடும்பத்துக்கிட்ட முன்னாடியே தனியாச் சொல்லணும் சார். நானே போறேன்," என்றேன்.

"நீங்க போனா ஏதோ தப்பு நடந்த மாதிரி ஆயிடும். நானே போய்ப் பக்குவமா சொல்லிடறேன் மேடம்," என்றார்.

அவர் போகவே இல்லை.

கண்காட்சி அன்று அடையாறு மண்டபத்தில் நல்ல கூட்டம். அன்வர் பாய் இஸ்திரி போட்ட வெள்ளை ஜிப்பாவில் வந்தார். மகள் ஷபானாவும் வந்திருந்தாள். அந்தப் பெண் எந்நேரமும் கிண்டல். "எங்கப்பா நேத்துலருந்து கண்ணாடி முன்னாடியே நிக்கறாரு மேடம். ஷாம்பு போட்டு தாடிய வேற கழுவினாரு," என்றாள். "சும்மா இரு கழுத," என்றார் அவர். முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ராயப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஏழெட்டுப் பேர் பின்னால் நின்றார்கள். பாய்க்கு மரியாதை பண்ணுகிறார்கள் என்று பார்க்க வந்தவர்கள்.

தலைவர் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைக் கையில் கொடுத்து, "உங்க கதையச் சொல்லுங்க பாய்," என்றார். அன்வர் பாய் சொன்னார். முப்பாட்டன், சுல்தான், சிங்கம், துபாய் போன தம்பி. திக்கித் திணறித்தான் பேசினார், ஆனால் மண்டபம் கைதட்டியது. ஆட்டோக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

நான் அப்போதுகூடக் குடும்பத்திடம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது, அன்வர் பாய் தெரிந்தும் மேடைக்காகப் பழைய கதையையே சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

தலைவர் மைக்கை வாங்கினார். "இப்போ உங்க எல்லாருக்கும் ஒரு சின்ன சர்ப்ரைஸ்," என்றார். பின்னால் திரையில் பதக்கத்தின் படம் வந்தது. கொடியின் மூலை பெரிதாகி, அந்தப் பொடிச் சிலுவை திரை முழுக்க நின்றது. சிங்கம் யாருடையது, புலி யாருடையது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார், பேச்சுத் திறமை உள்ளவர். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் நிறுத்தினார். அன்வர் பாய் பொன்னாடையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஆக, பாயோட முன்னோர் சுல்தான் படையில இல்லை. சுல்தானைக் கொன்ன படையில இருந்தவர். இத்தனை காலமா இந்தக் குடும்பம் எதைக் கையில கட்டிட்டு இருந்தாங்கன்னு அவங்களுக்கே தெரியல. வரலாறு எவ்வளவு வேடிக்கை பாருங்க!"

மண்டபத்தில் சிரிப்பு வந்தது. ஆமாம், சிரிப்பு. கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, புதிர் அவிழ்ந்தால் சிரிப்பார்களே அப்படி. பலர் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்வர் பாயும் சிரித்தார். கூட்டம் சிரிக்கிறதே என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் மேடைப் படிக்குப் போய் மைக்கைக் கேட்டேன். "அப்புறம் மேடம், அப்புறம்," என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். மைக் இல்லாமலே, "பதக்கத்துல பெயர் இல்ல! அவங்க முன்னோர் வாங்கினதுன்னு யாருக்கும் தெரியாது!" என்று கத்தினேன். முன்வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசை ஏற்கெனவே காபிக்கும் போண்டாவுக்கும் எழுந்துவிட்டது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பொய் சொல்பவனுக்கு மைக் இருக்கும். திருத்த வருபவருக்குத் தொண்டை மட்டும்தான். அதனால் திருத்தம் என்பது பொய் மேடை ஏறுவதற்கு முன்னாலேயே நடக்க வேண்டிய வேலை.

அடுத்த நாள் அவர் அறைக்குப் போனேன்.

"ஏன் சார் அந்த வரிய எடுத்தீங்க?"

"நான் பொய் சொல்லலையே மேடம். கும்பெனிப் பதக்கம்தானே அது?"

"பதக்கம் கும்பெனியோடது. அவங்க பாட்டன் கும்பெனி ஆள்னு யார் சொன்னது?"

"பின்ன எப்படி அந்த வீட்டுக்கு வந்துது?"

"தெரியாது."

"தெரியாதுன்னு அச்சடிச்சா எவன் படிப்பான்? கதை இருந்தாத்தான் நாலு பேர் வருவான். அவரையும் நாலு பேருக்குத் தெரிஞ்சுது இல்ல? பாருங்க, வீடியோ எப்படிப் போகுதுன்னு."

வீடியோ போய்க்கொண்டுதான் இருந்தது. யாரோ அதற்குப் பின்னணி இசை போட்டிருந்தார்கள். சிங்கம் உறுமும் சத்தமும் சேர்த்திருந்தார்கள். அன்வர் பாய் சிரிக்கும் இடத்தை மட்டும் வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள்.

அந்த வாரமே ராயப்பேட்டைக்குப் போனேன். கடை வாசலில் மூன்று ஆட்டோ. அன்வர் பாய் குனிந்து சீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் ஒருவர் பீடியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், வெள்ளக்காரன் குடுத்த மெடல எனுக்கு ஒரு தபா காட்ட மாட்டியா?"

பாய் அடுத்த ஆணியை எடுத்தார். அந்த ஓட்டுநர் பக்கத்து ஆட்டோக்காரர் பக்கம் திரும்பினார்.

"டேய் நைனா, பாய் கையில சீட்டு தெச்சிக்கினா பாத்து ஓட்டு. போற வழியில உன்னியும் காட்டிக் குடுத்துருவாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஓட்டுநர் பாயின் நெடுநாள் சிநேகிதர். தினமும் அவர் கடையில்தான் டீ குடிப்பவர். அவருக்கு அது வெறும் ஜோக். பாய்க்கும் அது ஜோக் என்றுதான் அவர் நினைத்தார். என்னைக் கண்டதும் பாய் எழுந்து, ஷட்டரைப் பாதி இறக்கினார். "வூட்டுக்கு வாங்க மேடம்," என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையைச் சில வாரங்கள் அவர் திறக்கவே இல்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

வீடு கடைக்குப் பின்னாலேயே. ஷபானாவின் பெட்டி கட்டி வைத்திருந்தது. அன்று மாலைதான் பயணம். கட்டில்மேல் அந்தப் பச்சைத் துணி விரித்துக் கிடந்தது. பக்கத்தில் பதக்கம்.

"கட்டுப்பா. லேட் ஆவுது," என்றாள் அவள். அன்று அவளிடம் கிண்டல் இல்லை.

"வேணாம்மா."

"யாருதா இருந்தா எனக்கு இன்னா? சித்தப்பா கையில இருந்துச்சு, ஹஜ்ஜுக்குப் போன தாதா கையில இருந்துச்சு. அது நம்மளுது."

"அந்தக் காலுக்குக் கீழ கெடக்கறது யாருன்னு தெரிஞ்சப்புறம் எப்பிடிமா உன் கையில கட்றது?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க மேடம். எங்காளு எந்தப் பக்கம்?"

"தெரியாது பாய்."

"ரெண்டுல ஒண்ணுதானே?"

"ரெண்டும் இல்லாமலும் இருக்கலாம். சண்டைக்கே போகாதவரா இருக்கலாம். எழுத்தைப் பாத்து ஆசைப்பட்டு வாங்கி வந்திருக்கலாம். அதுல யார் பேரும் இல்ல. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மேடையில பேசினவருக்கும் தெரியாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார்: "நீங்க இங்க வந்து எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம் மேடம்? அதே மைக்ல அவரு சொல்லணும். அவரு சொன்னதத்தானே ஊரு கேட்டுது?"

வெறும் கையோடு பெண்ணை அனுப்ப அவருக்கு மனமில்லை. மற்ற வீடுகளில் செய்வதுபோல் ஒரு காசைக் கட்டலாம் என்று சட்டைப் பையில் கைவிட்டு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். துணியில் வைத்தார். முடியப் போனவர் நின்றுவிட்டார். காசைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். நம் எல்லாக் காசிலும் உள்ள அதே முத்திரை. சிங்கத் தலைகள்.

"இதுலயும் கீது," என்றார்.

காசைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தப் பச்சைத் துணியை மட்டும் வெறுமனே மடித்து மகளின் புஜத்தில் கட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. அவள் அப்படியே கிளம்பிப் போனாள்.

நம் தேசத்துச் சிங்கத்துக்கும் கும்பெனியின் சிங்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவரிடம் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. சின்னங்களுக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லித்தான் அந்த வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். மூலையில் இருக்கும் சிலுவையை நாம் பெரிதாக்கிக் காட்டினோம். தேய்ந்துபோன எழுத்தை யாரும் பெரிதாக்கிக் காட்டவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பதக்கத்தில் மிக அரிதான விஷயம் அந்தத் தேய்மானம்தான். கும்பெனி பிடுங்கிக்கொண்ட சொற்களை ஒரு சாதாரணக் குடும்பம் விரலால் தடவித் தடவித் திருப்பி எடுத்துக்கொண்டது. அதுவும் வரலாறுதான். அதைச் சொல்லியிருந்தாலும் மண்டபம் கைதட்டியிருக்கும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மழுப்புகிறேன் என்பீர்கள். அந்த முப்பாட்டன் கும்பெனிச் சிப்பாயாகவே இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்குத் துப்பாக்கி தூக்கியவன், உயிரைக் கொடுத்ததற்கு ஈயம் வாங்கியவன். அதற்காக இன்று ஆட்டோ சீட்டு தைக்கும் ஒருவரைத் தெரு துரோகி என்று கூப்பிட எந்த நியாயமும் இல்லை. ஆனால் அந்த வாதத்துக்கு நான் போகவே வேண்டியதில்லை. ஏனென்றால் அது உண்மை என்று யாரும் இன்னும் காட்டவில்லை.

வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பதக்கம் கொடுத்தவனைப் பற்றிப் பேசும். வாங்கியவனைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதில் அவன் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். மேலே இருப்பவர் அந்த வரியை அடித்தால், அவர் போய்ச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாலும் காத்திருக்காதீர்கள். நீங்களே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

பதக்கம் இப்போது பாயின் தையல் மிஷின் டிராயரில், ரெக்சின் துண்டுகளுக்கு நடுவில் கிடக்கிறது. விற்கவும் மாட்டார், வெளியே எடுக்கவும் மாட்டார். ஷபானா ஜெர்மனியில் இருக்கிறாள். திரும்பக் கொண்டுவந்து சேர்க்க அவள் கையில் எதுவும் இல்லை. அந்த வீட்டில் இப்படி யாரும் போனதில்லை.

கடைசியாக நிறுவனத் தலைவருக்கு. இந்த மலர் உங்கள் மேசைக்கு வரும், நீங்கள் படிப்பீர்கள். எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம், வக்கீலை வைத்தும் பேச வேண்டாம். அதே அடையாறு மண்டபத்தில், அதே மைக்கில், கைபேசிகள் எல்லாம் உங்களைப் பார்த்து இருக்கும்போது இதற்குப் பதில் சொல்லுங்கள். அன்வர் பாயின் முன்னோர்தான் அந்தப் பதக்கத்தைப் பெற்றார் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லுங்கள். ராயப்பேட்டை ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.